பக்கவாத்தியக்காரரைப் பின்தொடருங்கள்: அரிய ஜாஸ் ஃப்யூஷன், ப்ராக் ராக் ஆல்பங்களைத் தேடிப் பிடிக்கும் முறை

ஸ்ட்ரீமிங் சேவைகளில் ஜாஸ் ஃப்யூஷன் (ஜாஸும் ராக்கும் கலந்த இசை) என்று தேடிப் பாருங்கள். மைல்ஸ் டேவிஸின் ‘பிட்சஸ் ப்ரூ’, மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா, வெதர் ரிப்போர்ட், ரிட்டர்ன் டு ஃபாரெவர் என ஒரு சின்ன வட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பீர்கள். ப்ராக் ராக் (நீண்ட, சிக்கலான அமைப்புகளைக் கொண்ட ராக் இசை) என்றால் கிங் கிரிம்சன், யெஸ், ஜெனிசிஸ். எல்லாம் அருமையான இசைதான். ஆனால் 1968 முதல் 1978 வரையிலான பத்தாண்டுகளில் ஐரோப்பாவில் வந்த அற்புதமான ஆல்பங்களில் பெரும்பகுதி இந்த வட்டத்துக்கு வெளியேதான் கிடக்கிறது. பரிந்துரைப் பட்டியல்கள் மற்றவர்கள் கேட்டதை வைத்தே உருவாகின்றன. சிலரே கேட்ட ஆல்பம் அந்த வழியில் நம்மிடம் வந்து சேர வாய்ப்பு மிகக் குறைவு.

எனக்குப் பலன் தந்த வழி ஒன்றுதான். ஆல்பத்தின் நாயகரை விட்டுவிட்டு, உடன் வாசித்தவரைப் பின்தொடர வேண்டும். சபா விளம்பரத்தில் பாடகர் யார் என்பதற்கு முன்னால் மிருதங்கம் யார், வயலின் யார் என்று பார்க்கிற ரசிகர்கள் நம்மிடையே உண்டு. அதே பழக்கம்தான் இங்கேயும் வேண்டும்.

ஒரே ஒரு ஆல்பத்தை எடுத்துக்கொண்டு முழு வழியையும் காட்டுகிறேன். கூடவே செய்து பாருங்கள்.

படி 1: ஏற்கெனவே பிடித்த ஓர் ஆல்பத்தை எடுங்கள்

பிடித்தது என்பதே முக்கியம். புகழ்பெற்றதா என்பது பொருட்டில்லை. நான் எடுப்பது எபர்ஹார்ட் வெபரின் ‘யெல்லோ ஃபீல்ட்ஸ்’. ஜெர்மனியின் ஈ.சி.எம். இசை நிறுவனம் 1976இல் வெளியிட்டது. மொத்தம் நான்கு உருப்படிகள். வெபர் வாசிப்பது நேராக நிற்க வைத்து வாசிக்கிற மின்சார பாஸ். அந்த நாதத்தை ஒருமுறை கேட்டவர்கள் வேறெங்கே கேட்டாலும் அடையாளம் கண்டுகொள்வார்கள். கேட் புஷ்ஷின் ‘ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்’ ஆல்பத்தின் சில பாடல்களில் ஒலிப்பதும் இவருடைய பாஸ்தான்.

இந்த ஆல்பத்தில் நமக்கு இன்னொரு காரணத்தாலும் காது நிமிரும். சார்லி மரியானோ இதில் சாக்ஸஃபோனோடு ஷெனாயும் நாகஸ்வரமும் வாசிக்கிறார். பாஸ்டனில் பிறந்த இவர், 1963இல் சார்ல்ஸ் மிங்கஸின் ‘தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி’ ஆல்பத்தில் வாசித்தவர். பின்னால் ஐரோப்பாவில் குடியேறினார்.

படி 2: டிஸ்காக்ஸ் தளத்தில் அந்த ஆல்பத்தைத் திறங்கள்

இசைத்தட்டுகளின் விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் தளம் டிஸ்காக்ஸ். கணக்குத் தொடங்காமலேயே பார்க்கலாம். ஆல்பத்தின் தொகுப்புப் பக்கத்தில் எல்லாப் பதிப்புகளும் வரிசையாக இருக்கும். அதில் முதலில் வந்த எல்.பி. (இசைத்தட்டு) பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். மறுபதிப்புகளில் சில நேரம் கலைஞர் பெயர்கள் பாதிதான் பதிவாகியிருக்கும். பின்னட்டையின் படத்தை யாராவது ஏற்றியிருந்தால் அதைப் பெரிதாக்கிப் படியுங்கள். தளத்தில் தட்டச்சு செய்யப்பட்ட பட்டியலைவிடப் பின்னட்டைதான் நம்பகமானது.

விக்கிப்பீடியாவிலும் கலைஞர் பட்டியல் கிடைக்கும். ஆனால் ஒரு பெயரைச் சுட்டினால் அவர் வாசித்த எல்லா ஆல்பங்களும் வரிசையாக வந்து நிற்கும் வசதி டிஸ்காக்ஸில்தான் இருக்கிறது. இந்த வேலைக்கு வேறு தளத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 3: எந்தப் பெயரைப் பிடிப்பது?

புதிதாகத் தொடங்குகிற யாரும் தேங்கி நிற்கும் இடம் இதுதான். நானும் இங்கேதான் நெடுநாள் நின்றேன். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

‘யெல்லோ ஃபீல்ட்ஸ்’ பின்னட்டையில் நான்கு பெயர்கள் இருக்கின்றன: வெபர், மரியானோ, கீபோர்டில் ரைனர் ப்ரூனிங்ஹவுஸ், டிரம்ஸில் யோன் கிறிஸ்டென்சன். கை இயல்பாகவே வெபரை நோக்கிப் போகும். அங்கே போனால் ஈ.சி.எம். ஆல்பங்களே அடுக்கடுக்காக வரும், அதாவது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்தவை. கிறிஸ்டென்சனைச் சுட்டினாலும் அதே கதை. அந்த நிறுவனத்தின் எழுபதுகளின் ஆல்பங்களில் பாதிக்கு அவர்தான் டிரம்ஸ் வாசித்தாரோ என்று தோன்றும் அளவுக்குப் பட்டியல் நீளும். அதற்குள் புகுந்தால் வெளியே வர வழி தெரியாது.

ப்ரூனிங்ஹவுஸைச் சுட்டுங்கள். அவர் பக்கத்தில் வடிகட்டும் பகுதிக்குப் போய், பங்களிப்புகள் என்ற பிரிவுக்குள் வாத்தியம் வாசித்தவற்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். பிறகு ஆண்டு வாரியாக, பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்துங்கள். இந்த வரிசைப்படுத்தலில்தான் முழு ரகசியமும் இருக்கிறது. ஒரு கலைஞர் பெயர் பெற்ற பிறகு வாசித்தவை எப்படியும் உங்கள் காதுக்கு வந்துவிடும். பெயர் பெறுவதற்கு முன்னால், இருபது வயதுகளில், ஏதோ ஒரு ஊர்க் குழுவில் வாசித்த ஆல்பம்தான் புதையல்.

ப்ரூனிங்ஹவுஸுக்கு அந்தக் குழு ஜெர்மனியின் ஐலிஃப். 1971இல் ஓர் ஆல்பம், 1972இல் ‘கேர்ல்ர்ல்ஸ்!’ என்று இன்னொன்று. ‘யெல்லோ ஃபீல்ட்ஸ்’ஸில் பனிபோல் மிதக்கும் அதே விரல்கள் இங்கே கரகரக்கும் ஆர்கனில் புயலாக வீசுகின்றன. சாக்ஸஃபோனும் கிட்டாரும் ஒன்றையொன்று துரத்துகின்றன. இங்கிலாந்தின் சாஃப்ட் மெஷின் குழுவின் ‘தேர்ட்’ ஆல்பம் பிடித்தவர்களுக்கு இது நிச்சயம் பிடிக்கும்.

ஐலிஃப்பின் கிட்டார் கலைஞர் ஹூஷங் நெஜாத்பூரை அடுத்துச் சுட்டினால் குரு குரு குழுவின் ‘டான்ஸ் ஆஃப் தி ஃப்ளேம்ஸ்’ (1974) வரும். ஈ.சி.எம்.மின் அமைதியிலிருந்து க்ரௌட்ராக் எனப்படும் ஜெர்மன் பரிசோதனை ராக்கின் நடுவீதிக்கு இரண்டே பெயர்களில் வந்துவிட்டோம்.

ஆக, முதலில் பிடிக்க வேண்டியது முன்னட்டையில் பெயர் இல்லாத கலைஞரை, பட்டியல் குட்டையாக உள்ளவரை, அந்த ஆல்பத்துக்கு முன்னாலேயே எங்கோ வாசித்தவரை. கீபோர்ட், ஆர்கன், புல்லாங்குழல் வாசித்தவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில் தேறுவார்கள்.

படி 4: இரண்டு பெயர்கள் சேர்ந்து வந்தால் நிறுத்திக் கேளுங்கள்

வெபர் பக்கத்துக்கு இப்போது போகலாம், ஆனால் 1974க்கு முந்தையவற்றுக்கு மட்டும். அங்கே பல ஆல்பங்களில் டிரம்ஸ் கலைஞராக ஃப்ரெட் ப்ரேஸ்ஃபுல் என்ற பெயர் திரும்ப வரும். ஒன்று வொல்ஃப்காங் டவுனரின் ‘அவுட்புட்’ (1970). ஈ.சி.எம். இப்படியும் ஓர் ஆல்பம் வெளியிட்டதா என்று வியக்க வைக்கும் முரட்டுப் பரிசோதனை. மற்றொன்று மால் வால்ட்ரனின் ‘தி கால்’ (1971), ஈ.சி.எம்.மின் துணை நிறுவனமான ஜாப்போவின் வெளியீடு. பில்லி ஹாலிடேவுக்குக் கடைசி ஆண்டுகளில் பியானோ வாசித்தவர் வால்ட்ரன். ஈ.சி.எம். வெளியிட்ட முதல் ஆல்பமே அவருடையதுதான்.

‘தி கால்’ ஆல்பத்தைப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே உருப்படிகள். வால்ட்ரன் இதில் மின்சாரப் பியானோ வாசிக்கிறார். ஜிம்மி ஜாக்சன் ஆர்கன். இரண்டு கீபோர்டும் ஒன்றின் மேல் ஒன்று படர்ந்து வருவதால் தொடக்கத்தில் யார் எதை வாசிக்கிறார் என்று பிரித்துக் கேட்பது கடினம். பாஸை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். வெபர் தரையைப் போல அசையாமல் நிற்பார். காது அதில் நிலைத்தபின் மேலே இருக்கும் இரண்டும் தாமாகவே பிரிந்து கேட்கும். ஹெட்ஃபோனில் கேட்பது நல்லது.

இப்போது ப்ரேஸ்ஃபுல்லைச் சுட்டுங்கள்: எக்ஸ்மாக்மா என்ற மூவர் குழு, 1973இலும் 1974இலும் ஆல்பங்கள். ஜிம்மி ஜாக்சனைச் சுட்டுங்கள்: ‘ஆமோன் டூல் 2’ என்ற குழுவின் ‘டான்ஸ் டெர் லெம்மிங்கே’ (1971), பிறகு ம்யூனிக்கின் எம்ப்ரியோ குழு. எம்ப்ரியோவின் ‘ஸ்டைக் அவுஸ்’ (1973) ஆல்பத்தில் மால் வால்ட்ரனும் வருவார். அதே ஆண்டு வந்த எம்ப்ரியோவின் ‘வீ கீப் ஆன்’ ஆல்பத்தில் யார் என்று பாருங்கள். மரியானோ, அதே நாகஸ்வரத்தோடு.

இப்படிச் சுற்றி வந்து முட்டும்போதுதான் இது ஒரு வட்டாரம், ஒருவரையொருவர் அறிந்த மனிதர்கள் செய்த இசை என்பது புலப்படும். அந்த மகிழ்ச்சியை எந்தப் பரிந்துரைப் பட்டியலும் எனக்குத் தந்ததில்லை.

படி 5: பெயர்கள் தீர்ந்தால் நிறுவனத்தைப் பிடியுங்கள்

ஆல்பம் பக்கத்தில் இருக்கும் நிறுவனப் பெயரைச் சுட்டி, பட்டியல் எண் வரிசையில் பாருங்கள். சிறிய நிறுவனங்களுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். ஜாப்போ, ஹாம்பர்க்கின் பிரைன், டெரெக் பெய்லியும் இவான் பார்க்கரும் டோனி ஆக்ஸ்லியும் 1970இல் லண்டனில் தொடங்கிய இன்கஸ் ஆகியவை நல்ல தொடக்கம். பெரிய நிறுவனங்களின் பட்டியலில் நேரம்தான் வீணாகும்.

படி 6: மதிப்பெண்ணைக் கேட்ட பிறகு பாருங்கள்

ரேட் யுவர் மியூசிக், ப்ராக் ஆர்க்கைவ்ஸ் இரண்டும் நல்ல தளங்கள். ஆனால் ஆல்பத்தைக் கேட்கும் முன் அங்கே போகாதீர்கள். ஐந்துக்கு மூன்று என்று பார்த்துவிட்டால் மனம் அரைகுறையாகத்தான் கேட்கும். சிலரே மதிப்பிட்ட ஆல்பத்துக்கு அந்தச் சராசரி பெரிதாக எதையும் சொல்வதுமில்லை. கேட்டு முடித்தபின் போய், அதே ஆல்பத்தைப் புகழ்ந்தவர் வேறு எதையெல்லாம் புகழ்ந்திருக்கிறார் என்று பார்ப்பது பயன் தரும். ப்ராக் ஆர்க்கைவ்ஸில் கேன்டர்பரி, ஸோய்ல், க்ரௌட்ராக் என்று உட்பிரிவு வாரியாகக் குழுக்களைப் பட்டியலிட்டிருப்பது தொடக்கநிலை வாசகர்களுக்கு உதவும்.

எங்கே கேட்பது என்பது எளிய விஷயம். ஈ.சி.எம். ஆல்பங்கள் 2017 நவம்பர் முதல் ஸ்ட்ரீமிங்கில் இருக்கின்றன. மற்றவற்றுக்கு முதலில் பேண்ட்கேம்ப் (கலைஞர்களும் சிறு நிறுவனங்களும் நேரடியாக இசை விற்கும் தளம்), அங்கே இல்லையென்றால் யூடியூப். யூடியூபில் யாரோ ஏற்றியவை திடீரென்று காணாமல் போகும். எனவே கேட்ட அன்றே ஆல்பத்தின் பெயர், ஆண்டு, வாசித்தவர்கள், நீங்கள் எந்தப் பெயர் வழியாக வந்தீர்கள் என்ற நான்கையும் ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதிவிடுங்கள். கடைசி விவரம்தான் பின்னால் மிகவும் தேவைப்படும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

ஜிம்மி ஜாக்சனைத் தேடியபோது சம்பந்தமே இல்லாத ஆல்பங்கள் வந்ததாகச் சிலர் எழுதியிருந்தார்கள். ஒரே பெயரில் பல கலைஞர்கள் இருந்தால் டிஸ்காக்ஸ் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் போட்டுப் பிரிக்கிறது. அதனால் பெயரைத் தேடல் பெட்டியில் தட்டச்சு செய்யாதீர்கள். எப்போதும் ஆல்பம் பக்கத்திலிருந்தே சுட்டிப் போங்கள். பெயருக்குப் பக்கத்தில் உடுக்குறி (*) இருந்தால், அட்டையில் பெயர் வேறு வடிவத்தில் அச்சாகியிருக்கிறது என்று பொருள்.

ஜெர்மன் குழுக்கள் வேண்டாம், இங்கிலாந்துப் பக்கம் போக வேண்டும் என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அதற்கும் வெபரிடமிருந்தே வழி இருக்கிறது. அவருடைய ‘சைலன்ட் ஃபீட்’ ஆல்பத்தில் கிறிஸ்டென்சனுக்குப் பதிலாக ஜான் மார்ஷல் டிரம்ஸ் வாசிக்கிறார். அவரைச் சுட்டி 1970க்குப் போங்கள்: நியூக்ளியஸ் குழுவின் ‘எலாஸ்டிக் ராக்’. அங்கிருந்து சாஃப்ட் மெஷினின் ‘ஃபிஃப்த்’ (1972). மரியானோவின் ‘ஹெலன் 12 ட்ரீஸ்’ (1976) ஆல்பத்திலும் டிரம்ஸ் மார்ஷல்தான். பாஸ் வாசிப்பவர் க்ரீம் குழுவின் ஜாக் ப்ரூஸ்.

நாகஸ்வரம் ஒலிக்கும் ஆல்பங்களை மட்டும் தேடுபவர்கள் மரியானோ பக்கத்தை ஆண்டு வாரியாக முழுதும் பார்க்கலாம். வாத்தியத்தின் பெயரைக் கொண்டு தேடினால், ரோமன் எழுத்தில் அதைப் பல விதமாக எழுதியிருப்பதால், ஒவ்வொரு எழுத்துக்கூட்டலையும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். அந்தப் பட்டியலில் ‘ஜோதி’ (1983) கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள். பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷனோடு சேர்ந்து மரியானோ செய்த ஆல்பம் அது. ஆர்.ஏ. ரமாமணியின் குரலும் டி.ஏ.எஸ். மணியின் மிருதங்கமும் அதில் இருக்கின்றன.