குப்பைமேட்டுக் கசிவுநீரை மண்ணே சுத்தம் செய்யுமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் நார்மன் என்ற ஊரில், கனேடியன் ஆற்றை ஒட்டிய மணல் நிலத்தில் 1922 முதல் 1985 வரை குப்பை கொட்டினார்கள். அடியில் தடுப்பு விரிப்பு எதுவும் கிடையாது. குப்பையில் ஊறி அங்கிருந்து இறங்கிய அழுக்குநீர், அதாவது கசிவுநீர், நிலத்தடியில் என்ன ஆகிறது என்பதை அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகள் அளந்தது. மண்ணிலுள்ள பாக்டீரியா கசிவுநீரைச் சிதைக்கும் என்பதில் சந்தேகமில்லை. எதை, எவ்வளவு என்பதில்தான் கணக்கு தப்பிப்போகிறது.

முதல் தவறு, நீர்த்துப்போவதைச் சுத்தமாவதாக எடுத்துக்கொள்வது. மழை பெய்தால் எல்லா மாசின் அளவும் குறையத்தான் செய்யும். இங்கே, உப்பில் இருக்கும் குளோரைடு கைகொடுக்கும். அதைப் பாக்டீரியா தொடாது, மண்ணிலும் ஒட்டாது. குளோரைடும், பென்சீன் என்ற நச்சுக் கரிமப் பொருளும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அவ்வளவுதான். பென்சீன் மட்டும் கூடுதலாகக் குறைந்திருந்தால், அது சிதைகிறது அல்லது மண்ணில் ஒட்டுகிறது என்று மேற்கொண்டு பார்க்கலாம்.

அடுத்தது அம்மோனியம், அதாவது குப்பை அழுகும்போது உண்டாகும் நைட்ரஜன் சேர்மம். கரிமப் பொருள் குறைந்ததும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் கசிவுநீர் ஓடும் இடத்தில் ஆக்சிஜன் முதலிலேயே தீர்ந்துவிடும்; அது இல்லாமல் அம்மோனியம் எளிதில் நைட்ரேட்டாக மாறாது. களிமண் கொஞ்சம் பிடித்துவைத்து, பிறகு மெல்ல விடும். ஆக்சிஜன் தீர்ந்ததும் பாக்டீரியா அதற்குப் பதிலாக நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, சல்பேட் என்று ஒவ்வொன்றாகப் பயன்படுத்திக்கொண்டு நகர்ந்து, கடைசியில் மீத்தேன் உண்டாகும் நிலைக்குப் போகிறது. இரும்புத் தாது கரையும்போது அதில் ஒட்டியிருந்த ஆர்செனிக்கும் வெளியே வரலாம். சுத்தம் செய்யும் வேலையே இன்னொரு தொல்லையைக் கிளப்பும்.

ஒரே கிணற்றை நம்புவதும் தவறு. நார்மனில் கசிவுநீர் பரவிய பகுதியின் விளிம்புகளில், சல்பேட் வந்து சேரும் இடங்களில், வேதிமாற்றம் மும்முரமாக இருந்தது. நீளமான வடிகுழாய் (தண்ணீர் உள்ளே வரத் துளையிட்ட குழாய்) போட்ட ஆழ்துளைக் கிணறு எல்லா அடுக்கையும் கலந்து காட்டும். இந்த வித்தியாசம் தெரியாது. பல ஆழங்களில், பல பருவங்களில் தண்ணீர் மாதிரி எடுக்க வேண்டும்.

அப்புறம், மண்ணே சுத்தம் செய்யும் என்பது சும்மா விட்டுவிடுவதற்குச் சாக்கும் அல்ல. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 1999 வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொல்கிறது. மேட்டை மூடி மழைநீர் இறங்குவதைக் குறைக்காமல், கீழே மட்டும் அளந்துகொண்டிருந்து பயனில்லை.

பக்கத்தில் வீடு இருப்பவர்கள் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டுச் சமாளிக்க வேண்டாம். குளோரின் அம்மோனியாவோடு சேர்ந்து செலவாகிவிடும், கரிமப் பொருளோடு சேர்ந்து ட்ரைஹாலோமீத்தேன் என்ற, உடலுக்குக் கேடான சேர்மங்களை உண்டாக்கும். காய்ச்சினால் உப்பும் உலோகமும் போகாது; தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்தியாகும்.