சம்பளம் நின்ற மாதம்: வீட்டுக் கணக்கைத் தேதி பார்த்துப் போடுங்கள்

சம்பளம் நின்ற அன்று ராத்திரி நாங்கள் செய்த முதல் தப்பு, பால் பாக்கெட்டைக் குறைப்பது பற்றி ஒரு மணி நேரம் பேசியதுதான். வீட்டுக்காரர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், வெளிநாட்டு பையர்களின் ஆர்டரைக் கவனிக்கிற வேலை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும் அவர் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பையர்களும் ஆர்டரை நிறுத்திவிட்டார்கள். செப்டம்பரோடு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மாதம் 38,000 வந்த இடத்தில் பூஜ்யம், நான் கணக்கு எழுதப் போகிற இடத்தில் வரும் 14,000 மட்டும் மிச்சம். நாங்களோ ஆரஞ்சு பாக்கெட்டா நீலப் பாக்கெட்டா என்று பேசிக்கொண்டிருந்தோம், மூன்று நாள் கழித்து 5ஆம் தேதி லோன் தவணை கணக்கிலிருந்து தானாகப் போகும் என்பது இருவருக்குமே ஞாபகம் வரவில்லை. தவணை போகிற அந்தக் கணக்கில் பணம் போட்டுவைக்கவில்லை, தவணை திரும்பியது. லோன் கொடுத்தவர்கள் ஒரு அபராதம், கணக்கு வைத்திருந்த வங்கி தனியாக ஒரு அபராதம். பால் பாக்கெட்டில் இரண்டு மாதம் மிச்சம் பிடிக்கிற காசு அந்த ஒரே காலையில் போனது.

அதனால் எங்களை மாதிரி மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது, கணக்கை ரூபாயிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், தேதியிலிருந்து ஆரம்பியுங்கள். மளிகைக்கடையில் கொடுத்த மாதக் காலண்டரை இறக்கி மேசையில் வையுங்கள். வாடகை எந்தத் தேதி, வண்டித் தவணை எந்தத் தேதி, சீட்டு எந்தத் தேதி, எல்ஐசி எந்த மாதம், பள்ளிக்கூடத்தில் அடுத்த டெர்ம் ஃபீஸ் எப்போது, கரண்ட் ரீடிங் எடுக்க வருவது எப்போது, எல்லாவற்றையும் கட்டத்துக்குள் எழுதுங்கள். சம்பளம் வந்துகொண்டிருக்கிறவரை தேதி நமக்குத் தெரியவே தெரியாது, 1ஆம் தேதி வரும், 10ஆம் தேதிக்குள் எல்லாம் போய்விடும், அவ்வளவுதான். வரவு நின்றபின் எது எப்போது போகிறது என்பதுதான் முக்கியம்.

எத்தனை நாள் தாங்கும்?

அடுத்தது ஒரே ஒரு கணக்கு. கையில் இருப்பதை மாதாமாதம் விழும் பள்ளத்தால், அதாவது வரவுக்கு மேலே போகிற செலவால், வகுக்க வேண்டும். எங்கள் செலவு இப்படி இருந்தது: வாடகை 9,500, வண்டித் தவணை 3,850, பர்சனல் லோன் 6,200, சீட்டு 5,000, மளிகை 8,000, பால் 1,800, காய்கறி கறி மீன் 4,000, பெட்ரோல் 3,000, அத்தைக்கு மாத்திரை 2,200, பையனுக்கு ஸ்கூல் வேன் 1,400, கேஸ் கரண்ட் போன் எல்லாம் சேர்த்து 3,000. கூட்டினால் 47,950. என் 14,000 போக மாதம் சுமார் 34,000 பள்ளம். இன்னொரு பேங்க் கணக்கில் இருந்தது 46,000. அதாவது நாற்பது நாள். தீபாவளி அக்டோபர் 20. அதைத் தாண்டினால் நவம்பர் பாதியில் கை வெறுங்கை.

இதில் ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். வர வேண்டிய பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர் ஏழு வருஷம் வேலை பார்த்தவர், ஐந்து வருஷம் தாண்டினால் கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, அதை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, எத்தனை வருஷமோ அதால் பெருக்க வேண்டும். அந்தத் தொகை 18,000 என்றால் ஏழு வருஷத்துக்குச் சுமார் 72,700. முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் "ஆடிட்டர் பார்க்கணும், அடுத்த வாரம் வாங்க" என்று இழுத்தார்கள். எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டு, கிடைத்தால் நல்லது என்று நினைத்து, கணக்கில் பூஜ்யம் என்றே வைத்திருந்தோம்.

பெரிய தலைகளை முதலில்

பாலையும் டீத்தூளையும் விட்டுவிட்டுத் தவணைகளிடம் போங்கள். பர்சனல் லோன் கொடுத்த இடத்துக்குத் தவணை தவறுவதற்கு முன்னாலேயே போய், வேலை போன கடிதத்தைக் காட்டி, தவணைக் காலத்தை நீட்டித் தரச் சொல்லுங்கள். நாங்கள் ஒருமுறை தவறவிட்டபின் போனதால் மூஞ்சி கொடுத்துப் பேசவே பத்து நாள் ஆனது. முதலிலேயே போனவர்களுக்கு மரியாதை வேறு மாதிரி. கடைசியில் 6,200 என்பது 4,100 ஆனது. மொத்தத்தில் வட்டி கூடத்தான் கட்டுகிறோம், தெரிந்தேதான் செய்தோம், அன்றைக்கு எங்களுக்கு வேண்டியது வட்டி லாபம் இல்லை, நாள்.

சீட்டு விஷயத்தில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். எடுத்துவிட்ட சீட்டு என்றால் அது கடன் மாதிரிதான், கட்டியே ஆக வேண்டும். எடுக்காத சீட்டு என்றால் நமக்கு இரண்டு வழி. ஒன்று, ஏலத்தில் தள்ளுபடி கொடுத்து முன்னாலேயே எடுப்பது. கையில் மொத்தமாகப் பணம் வரும், ஆனால் மீதி மாதங்களுக்கு 5,000 கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், வேலை இல்லாத வீட்டில் அது கழுத்தில் கல். இன்னொன்று, ஆள் மாற்றிவிடுவது. நம் இடத்துக்கு இன்னொருவர் வந்து, நாம் இதுவரை கட்டியதை நம்மிடம் கொடுத்துவிட்டு, மீதியை அவர் கட்டுவார். சீட்டு நடத்துபவரின் சம்மதமும் எழுத்தும் வேண்டும், வாய்ப்பேச்சில் விடாதீர்கள். எங்களுக்கு என் நாத்தனாரே எடுத்துக்கொண்டார். கட்டியிருந்தது 54,000, இரண்டு தடவையாகக் கொடுத்தார். அவரிடம் கேட்க வீட்டுக்காரருக்குக் கூச்சம், "அக்காகிட்ட போய் எப்படிங்க" என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டார். நான்தான் போன் செய்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏன் கண்ணு, இத்தனை நாள் சொல்லவே இல்ல?"

எல்ஐசி பற்றிச் சுருக்கமாக. வருஷம், அரையாண்டு, காலாண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு, மாதப் பிரீமியத்துக்கு 15 நாள். பதற்றத்தில் பாலிசியைப் பாதியில் முடித்துப் பணம் வாங்கி, அதாவது சரண்டர், செய்துவிடாதீர்கள், முதல் சில வருஷங்களில் சரண்டர் செய்தால் கட்டியதில் பெரும் பங்கு போய்விடும்.

கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சொந்தப் பாலிசியாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று வேலையை விட்டு வெளியே வருவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். இந்தத் தேதியையும் காலண்டரில் எழுத வேண்டும், பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை.

அடுப்படி, மாத்திரை, வண்டி

இப்போது பாலுக்கு வரலாம். ஆவின் ஆரஞ்சு அரை லிட்டர் 30, நீலம் 20. தினம் இரண்டு பாக்கெட் என்றால் மாதம் 600 மிச்சம். அத்தை ஒரு வாரம் காபியை முகம் சுளித்துக்கொண்டே குடித்தார், அப்புறம் பழகிவிட்டது.

மளிகையில் பெரிய வித்தியாசம் ரேஷன் கடைதான். அட்டை இருந்தும் வருஷக்கணக்காக வேலைக்காரம்மாவை வாங்கிக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தோம், இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், வெளியில் அந்தப் பருப்பு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். புழுங்கல் அரிசியைச் சோற்றுக்குப் பிடிக்கவில்லை என்றால் இட்லிக்குப் போடுங்கள், உளுந்து மட்டும் நல்லதாக வாங்கினால் போதும், இட்லி பூ மாதிரி வரும். மாதச் சாமானை மொத்தமாக வாங்குவதை நிறுத்தி வாரத்துக்கு ஒருமுறை பட்டியல் போட்டு வாங்கினேன். மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது உண்மைதான், ஆனால் டப்பா நிறைய இருந்தால் கையும் தாராளமாகப் போகிறது. 8,000 என்பது 5,500க்கு வந்தது.

அத்தைக்குச் சர்க்கரையும் பிரஷரும். இரண்டுக்கும் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மற்ற இரண்டு மாத்திரைகளை டாக்டரிடம் கேட்டு, அதே மருந்து வேறு பெயரில் மக்கள் மருந்தகத்தில் வாங்கினோம். கேட்காமல் நீங்களாக மாற்றாதீர்கள். 2,200 என்பது 900 ஆனது. வேனை நிறுத்திப் பையனை அப்பாவே கொண்டுபோய் விட்டார், அவருக்கும் காலையில் வீட்டை விட்டு வெளியே போக ஒரு காரணம் வேண்டியிருந்தது. நான் வேலைக்கு ஸ்கூட்டியை விட்டுவிட்டு டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லையே. பெட்ரோல் 3,000லிருந்து 1,000. கரண்டில் ஒன்று கவனியுங்கள், இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழே உள்ள யூனிட்டுக்குக் கிடைக்கும் சலுகையும் குறைகிறது. ரீடிங் எடுத்த தேதியை எழுதிவைத்து, ஒரு மாதம் ஆனதும் மீட்டரைப் போய்ப் பாருங்கள்.

எல்லாம் போக எங்கள் செலவு 31,450. பள்ளம் 17,450. சீட்டுப் பணத்தோடு கையில் ஒரு லட்சம். நாற்பது நாள் என்பது ஐந்தரை மாதம் ஆனது. இந்தக் குறைப்பில் காய்கறி, பால், போன் மூன்றும் சேர்ந்து 2,200தான், சீட்டும் லோனும் மட்டும் 7,100.

மொய்

இதை யாரும் எழுதமாட்டார்கள், ஆனால் நம் ஊரில் பட்ஜெட்டை உடைப்பதே இதுதான். ஐப்பசியில் மட்டும் நான்கு பத்திரிகை வந்தது. நான் செய்தது, எங்கள் கல்யாண மொய் நோட்டையும் பையன் காதுகுத்து நோட்டையும் எடுத்துவைத்துப் பார்த்தேன். நமக்குச் செய்தவர்களுக்குத் திருப்பிச் செய்தே ஆக வேண்டும், அதில் குறைத்தால் காலத்துக்கும் பேச்சு. அந்த நான்கில் அப்படி இரண்டு. மற்ற இரண்டு வீட்டுக்குக் கல்யாணம் முடிந்து ஒரு வாரம் கழித்து, பழம் வாங்கிக்கொண்டு பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்கப் போனோம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, கூட்டத்தில் வந்து மொய் எழுதிவிட்டு ஓடுகிறவர்களைவிட நன்றாகவே உபசரித்தார்கள். தீபாவளிக்குத் துணி காதர்பேட்டையில், எக்ஸ்போர்ட் மிச்சத் துணி. திருப்பூரில் இருப்பதில் அந்த ஒரு வசதி.

பையனிடம் சொல்லிவிடுங்கள். எட்டாவது படிக்கிறவனுக்குப் புரியாது என்று நினைத்தோம், அவன் அதற்குள் வேன் அண்ணனிடம் விசாரித்து எல்லாம் தெரிந்துவைத்திருந்தான்.

நகை, பிஎஃப், கார்டு

நகையை முதல் மாதமே அடகு வைத்துத் தவணை கட்டுவது பெரும்பாலான வீடுகளில் நடப்பது. செய்யாதீர்கள். செலவைக் குறைக்காமல் நகையை வைத்தால் பழைய செலவுக்கே நகை போய்விடும். முதலில் பள்ளத்தைச் சின்னதாக்குங்கள், அப்புறமும் வேண்டுமென்றால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வையுங்கள், மீட்க வேண்டிய தேதியைக் காலண்டரில் சிவப்பில் எழுதுங்கள். இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி விதியை மாற்றியிருக்கிறது. கொடுக்கிறார்கள் என்பதற்காக முழுதும் வாங்காதீர்கள், தேவைக்கு மட்டும்.

பிஎஃப் எடுப்பதாக இருந்தால் ஒரு சின்ன விஷயத்தில் மாட்டிக்கொள்வார்கள். வேலையை விட்ட தேதியைக் கம்பெனி ஆன்லைனில் பதிவு செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் விண்ணப்பம் நகராது. கம்பெனி செய்யாவிட்டால், கடைசிச் சந்தா போய் இரண்டு மாதம் கழித்து நாமே போர்ட்டலில் பதியலாம். மொத்தச் சர்வீஸ் ஐந்து வருஷத்துக்குக் குறைவாக இருந்தால் எடுக்கிற பணத்துக்குப் பொதுவாக வரி உண்டு என்பதும் ஞாபகம் இருக்கட்டும். நாங்கள் கைவைக்கவில்லை.

கிரெடிட் கார்டில் "குறைந்தபட்சம்" என்று போட்டிருக்கும் தொகையை மட்டும் கட்டித் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், மீதிக்கு மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும். போனில் ஐந்து நிமிஷத்தில் கடன் தரும் ஆப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்காதீர்கள். சம்பளம் வந்துகொண்டிருந்த கணக்கையும் பாருங்கள், சில மாதம் சம்பளம் வராவிட்டால் அது சாதாரண சேமிப்புக் கணக்காக மாறி, குறைந்தபட்ச இருப்பு கேட்க ஆரம்பிக்கும்.

ஜனவரியில் அவருக்கு வேறு கம்பெனியில் க்யூசி, அதாவது தரம் பார்க்கிற வேலை கிடைத்தது, 22,000. பழைய சம்பளம் இல்லை. என்னுடையதோடு சேர்த்து 36,000, செலவு போக மாதம் 4,550 மிஞ்சுகிறது. வேனைத் திரும்பப் போடலாமா என்று கேட்டார். ஜூன் டெர்ம் ஃபீஸ் கட்டிவிட்டுப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். புதுக் காலண்டரிலும் எல்லாத் தேதியும் எழுதியாகிவிட்டது.