கட்டி லேபுக்கு வந்து சேர்வதற்குள் நடக்கும் தவறுகள்

நான்கு மணி நேரம் பஸ்ஸில் வந்த ஒரு பெரியவர், மஞ்சள் பையிலிருந்து ஒரு குளிர்பான பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே அவர் மகளின் மார்பிலிருந்து எடுத்த கட்டி. ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மூடியைத் திறந்தால், சதை அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தின் மூக்கில் ஏறும் நெடி வரவேண்டும். வந்தது அழுகல் வாடை. யாரோ வெறும் தண்ணீரை ஊற்றி அனுப்பியிருந்தார்கள். பாட்டிலின் வாய் குறுகலாக இருந்ததால் பாட்டிலையே அறுத்துத்தான் கட்டியை எடுத்தோம். மைக்ரோஸ்கோப்பில் பார்க்க மெல்லியதாகச் சீவி வைத்த கண்ணாடி ஸ்லைடில் செல்களின் உருவமே தெரியவில்லை. அது புற்றுநோயா இல்லையா என்று அந்தப் பெண்ணுக்கு எங்களால் சொல்ல முடியாமல் போனது. சதையைப் பரிசோதித்து நோயைச் சொல்லும் பேத்தாலஜி லேபில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். அந்தப் பாட்டில் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

உடம்பிலிருந்து வெட்டி எடுத்ததுமே சதைக்கு ரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. அப்புறம் செல்களில் இருக்கும் நொதிகளே அந்தச் செல்களைக் கரைக்க ஆரம்பித்துவிடும். ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, செல்களை அப்படியே நிறுத்திவைக்கிறது. அது 10 சதவீத ஃபார்மலினாக, சதையின் அளவைப் போல் குறைந்தது பத்து மடங்கு இருக்க வேண்டும். பாட்டில் வாய் அகன்றிருக்க வேண்டும். பெரிய கட்டிக்குள் ஃபார்மலின் மிக மெதுவாகத்தான் இறங்கும் என்பதால், அதைச் சீக்கிரம் லேபில் சேர்த்து நறுக்கிவைக்க வேண்டும். மார்பகப் புற்றுநோயில் இது இன்னும் முக்கியம். எந்த மருந்து கேட்கும் என்று சொல்லும் ஹார்மோன், ஹெர்-2 (புற்றுசெல்லின் மேல் இருக்கும் ஒரு புரதம்) பரிசோதனைகளுக்கு, சதை 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் ஃபார்மலினில் இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் ஃபார்மலின் கூடாது. அது கிருமியைக் கொன்றுவிடும். அதனால் கழுத்தில் நெறி கட்டி, அதை எடுக்கும்போது ஒரு பகுதியை ஃபார்மலினிலும், இன்னொரு பகுதியைக் கிருமியில்லாத உப்புநீரான ஸ்டெரைல் சலைனிலும் அனுப்பச் சொல்லி முதலிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் போட்டுவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

நெறிகட்டில் இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. சதை எடுத்துப் பார்க்கும் முன்பே ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். வீக்கம் வடிந்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயும் ஸ்டீராய்டுக்குச் சுருங்கும். சில வாரம் கழித்து எடுக்கும் சதையில் அதன் அடையாளம் மங்கிப்போயிருக்கும். ஊசி குத்தி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. தொடக்கத்துக்குச் சரி. லிம்ஃபோமா சந்தேகம் வந்தால் நெறியின் உள்ளமைப்பே தெரிய வேண்டும். முடிந்தவரை முழு நெறியையும் எடுப்பதுதான் நல்லது. இதற்கு நேர் எதிரான ஆபத்தும் இருக்கிறது. ஜப்பானில் 1972இல் முதலில் விவரிக்கப்பட்ட கிகுச்சி நோய், இளம்பெண்களுக்கு அதிகமாக வரும். காய்ச்சலும் கழுத்து நெறிகட்டும் இருக்கும். ஸ்லைடில் லிம்ஃபோமாவோ என்று ஏமாற்றும். ஆனால் பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே சரியாகிவிடும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல நல்ல சதை வேண்டும், நிதானமும் வேண்டும்.

‘கத்தி வைத்தால் பரவிவிடும்’ என்ற பயத்தில் மாதக்கணக்கில் தள்ளிப்போடுபவர்கள் ஏராளம். ஊசி போன வழியில் புற்று வளர்வது மிக அரிது. விரைக் கட்டி போன்ற சில இடங்களில் பொதுவாக ஊசி குத்துவதே இல்லை, இடுப்பு மடிப்பு வழியாக முழுவதும் எடுத்துவிடுவார்கள். எங்கே எப்படி எடுப்பது என்பது சர்ஜனுக்குத் தெரிந்த விஷயம். தாமதத்தில் பரவுவதுதான் நான் அதிகம் பார்ப்பது.

‘வெறும் கொழுப்புக் கட்டிதானே’ என்று எடுத்ததைக் குப்பையில் போடுவதும் வேண்டாம். எடுத்த கட்டி எதுவானாலும் டெஸ்டுக்குப் போகட்டும். 5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால், ஆழத்தில் இருந்தால், வேகமாக வளர்ந்தால், வெட்டும் முன்பே ஸ்கேனும் ஊசி பயாப்ஸியும் தேவை.

லேபுக்கு வரும் படிவத்தில் பெயரும் வயதும் மட்டும் இருந்தால் எனக்கு மனசு கனத்துப்போகும். எலும்புக் கட்டி ஒன்றை வைத்துச் சொல்கிறேன். மைக்ரோஸ்கோப்பில் பெரிய பெரிய செல்கள், ஒவ்வொன்றிலும் இருபது முப்பது உட்கரு. எலும்பிலேயே தோன்றும் ஜெயன்ட் செல் டியூமராக இருக்கலாம். கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி அதிகமாகச் சுரந்து எலும்பை அரித்த ‘பிரவுன் டியூமர்’ ஆகவும் இருக்கலாம். ஸ்லைடில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலாவதற்கு எலும்பில் ஆபரேஷன். இரண்டாவதற்குச் சரிசெய்ய வேண்டியது கழுத்துச் சுரப்பியை. ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு, எக்ஸ்ரே எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும், வழி தெரிந்துவிடும். அதனால் எக்ஸ்ரே, ஸ்கேன், பழைய ரிப்போர்ட் எல்லாவற்றின் நகலையும் சதையோடு சேர்த்துக் கொடுங்கள். எந்தப் பக்கம், இடமா வலமா என்று பாட்டிலிலும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

ரிப்போர்ட்டில் ‘சதை போதவில்லை’ என்றிருந்தால் அது ‘புற்றுநோய் இல்லை’ என்ற பதில் கிடையாது. மறுபடி எடுக்க வேண்டும். அரிய கட்டி என்றால் வேறு மருத்துவமனையிலும் காட்ட வேண்டியிருக்கும். அப்போது ரிப்போர்ட் காகிதம் மட்டும் உதவாது, ஸ்லைடும், சதையைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கும் வேண்டும். லேபில் எழுதிக்கொடுத்துக் கேட்டு வாங்கலாம். வாங்கி வரும் வழியில் பிளாக்கை வெயிலில் நிற்கும் காரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.