கான்கிரீட் ஊற்றும் முன் குழிக்குள் இறங்குங்கள்: ஊரில் வீடு கட்டப் போகிறவர்களுக்கு

தீபாவளிக்குப் போகிற கையோடு வீட்டு வேலையையும் தொடங்கிவிடலாம் என்று டிக்கெட் போட்டிருந்தால், முதலில் தேதியை மாற்றுங்கள். ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக் காலம். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், அருப்புக்கோட்டை என்று கரிசல் பக்கம் மனை இருந்தால் அந்த மாதங்களில் வானம், அதாவது கடைக்கால் குழி, தோண்டவே வேண்டாம். போன தீபாவளிக்கு அதற்காகவே போய், ஒரு குழியில்கூடக் கான்கிரீட் ஊற்றாமல் திரும்பி வந்தேன்.

அனுமதி வாங்குவது இப்போது பெரிய பாடு இல்லை. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட, விதிப்படி கட்டுகிறோம் என்று நாமே உறுதி கொடுக்கும் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. அப்புறம் கடைக்கால் குழியை யார் பார்ப்பது? நாம்தான் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் நான் இருக்கும் டல்லாஸ் பக்கமும் கரிசலைப் போலவே விரிந்து சுருங்கும் களிமண்தான். அங்கே பல நகரங்களில் ஆய்வாளர் கம்பியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கான்கிரீட் லாரி வரும். ஊரில் அந்தக் கையெழுத்துக்கு ஒரு தனி இன்ஜினியரை நாமே அமர்த்திக்கொள்ள வேண்டும். கட்டுகிறவரின் ஆளாக அவர் இருக்கக் கூடாது.

கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். கோடையில் கை நுழைகிற வெடிப்புகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஒன்று, கரிசலைத் தாண்டிச் சுண்ணாம்புச் சுக்கான் பாறையோ கெட்டிச் சரளையோ தட்டும்வரை தோண்ட வேண்டும். இல்லை, கரிசல் ரொம்ப ஆழம் போனால், அடியில் குமிழ் விரிந்த பைல்களை, அதாவது துளையிட்டு இறக்கும் கான்கிரீட் தூண்களை, மூன்றரை மீட்டராவது இறக்க வேண்டும். எது என்பதை மண் பரிசோதனை சொல்லும். பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை அடி போட்டார் என்பது அதற்கு ஈடாகாது.

எங்கள் சித்தப்பா குறித்திருந்த நாள் ஐப்பசி 11. வாஸ்து புருஷன் கண் விழிக்கும் நாட்கள் வருஷத்துக்கு எட்டு. ஒவ்வொரு நாளும் அவர் விழித்திருப்பது ஒன்றரை மணி நேரம். அதில் கடைசி 36 நிமிடம்தான் மனைக்கு விசேஷம். அதை விட்டால் அடுத்தது கார்த்திகை 8. அதற்குள் என் லீவு முடிந்துவிடும். ஆகவே அந்தக் காலையில் ஊற்றியே ஆக வேண்டும் என்று கலவை மெஷின், ஆட்கள், சாப்பாடு எல்லாம் சொல்லிவிட்டார். முந்தின இரவு மழை கொட்டித் தீர்த்தது. நான் ஏற்பாடு செய்திருந்த இன்ஜினியர் மதியம்தான் வர முடியும் என்றார்.

மேஸ்திரி மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்துவிட்டு, "ஒண்ணும் ஆகாது சார், ஊத்திரலாம்" என்றார். நான் இறங்கினேன். அடிமண்ணில் விரல் முழுசாகப் புதைந்தது. அந்தச் சேற்றை வழித்தெடுத்து, கெட்டித் தரை தெரிந்த பிறகே மூன்று நான்கு அங்குலத்துக்கு பி.சி.சி., அதாவது கம்பி இல்லாத கான்கிரீட், போட வேண்டும். இரண்டு மூலைக் குழிகளில் பி.சி.சி.யே இல்லை, கம்பி வலை நேராக மண்ணில் கிடந்தது. மற்றவற்றில், கம்பியை மண்ணிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக்குக்குப் பதிலாக உடைந்த செங்கல். செங்கல் ஈரத்தை உறிஞ்சிக் கம்பிக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். வலைக்குக் கீழே 50 மி.மீ., அதாவது இரண்டு அங்குலம், கான்கிரீட் நிரம்ப வேண்டும். அந்த இரண்டு அங்குலம்தான் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளின் கொக்கி உள்பக்கம் மடங்காமல் விரிந்து நின்றது. மூலைக்கு மூலை டேப் பிடித்தால் இரண்டு குறுக்களவும் ஒன்றாக வர வேண்டும்; எங்களுக்கு வரவில்லை.

ஊற்ற வேண்டாம் என்று சொன்னேன். "நேரம் போகுதுப்பா, நாலு பேரைக் கூப்பிட்டாச்சு" என்றார் சித்தப்பா. நான் மறுபடி சொன்னதும், "இத்தன வருஷமா இந்த இடத்த யாரு பாத்தது? வந்து நின்னதும் குத்தம் கண்டுபிடிக்கிற" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்வது? தீர்வை கட்டியது அவர். வருஷா வருஷம் சீமைக் கருவேலம் வெட்டி, கல் ஊன்றி, எல்லைக்காரரோடு சண்டை போட்டது அவர். அப்பா போன பிறகு அந்த மண்ணில் கால் வைத்தவர் அவர் ஒருவர்தான். சாப்பிடாமல் வீட்டுக்குப் போய்விட்டார். நான் கிளம்பும் நாள்வரை அவர் என்னோடு பேசவில்லை.

அன்று மாலை புரோகிதர் சொன்னதைச் சொல்கிறேன், விமானம் ஏறுமுன்பே உங்கள் வீட்டுப் பெரியவரிடம் போனில் பேசிவிடுங்கள். வாஸ்து நேரம் பூஜைக்கு. ஈசானிய மூலையில் நவதானியமும் பஞ்சலோகமும் வைத்து, பெரியவர் கையால் ஒரு சட்டி கலவை போட்டால் முகூர்த்தம் நிறைவேறிவிடும். மற்றதை இன்ஜினியர் சரி என்ற பிறகு எந்த நாளிலும் ஊற்றலாம். இன்னொன்று, தை 12, மாசி 22 இரண்டுமே வாஸ்து நாட்கள்தான். ஜனவரிக் கடைசியும் மார்ச் முதல் வாரமும். மழை ஓய்ந்திருக்கும். லீவை அப்போது போடுங்கள்.

சரி, ஊற்றும் நாளில் நீங்கள் இருக்க முடியாவிட்டால் ஒவ்வொரு குழிக்கும் எண் போட்டு, டேப் தெரியும்படி வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். 12 மி.மீ. கம்பி ஒன்றைத் தராசில் வையுங்கள்: 12 மீட்டர் நீளத்துக்குச் சுமார் 10.6 கிலோ வர வேண்டும்; அரை கிலோவுக்கு மேல் குறைந்தால் ஏற்க வேண்டாம். எம் 20 என்ற வலிமைத் தரக் கலவையில் ஒரு மூட்டை சிமெண்டுக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. ஈர மணல் என்றால் இன்னும் குறைக்க வேண்டும். உங்களுக்காக யாராவது கையெழுத்திட வேண்டியிருந்தால், அதிகாரப் பத்திரத்தை இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பி, அது ஊர் வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

எங்கள் வீட்டுக்குத் தையில்தான் ஊற்றினார்கள். காலை ஆறு மணியிலிருந்து குழிமேட்டில் நின்று, செங்கல் துண்டு ஒன்றைக்கூட உள்ளே போட விடாமல் பார்த்துக்கொண்டவர் சித்தப்பா. வீடியோவில் குரல் அவருடையது. ஊற்றிய பிறகு பி.பி.சி. என்ற சாம்பல் கலந்த சிமெண்ட் என்றால் பத்து நாளாவது நனைக்க வேண்டும். குழியை மூடும்போது தோண்டிய கரிசலையே திரும்பத் தள்ளிவிடுவார்கள், விடாதீர்கள். சரளை மண்ணை அரையடி அரையடியாகக் கொட்டித் திமிசு போட்டு இறுக்கச் சொல்லுங்கள். வீட்டைச் சுற்றி மூன்றடிக்குத் தளம் போட்டு, மழைத்தண்ணீர் சுவரோரம் இறங்காமல் வாட்டம் கொடுத்துவிடுங்கள்.