பழைய ரேடியோப் பெட்டிக்கு டோனிங் லெக்கர் அடிக்கேக்க விடக்கூடாத பிழையள்

பழைய வால்வ் ரேடியோப் பெட்டியொண்டைப் புதுசாக்க வெளிக்கிடுற ஆக்கள் முதல் வேலையா சாண்ட் பேப்பரைத்தான் கையில எடுக்கினம், பெட்டி பழுதாப் போறதும் அதிலதான். ஏனெண்டா 1930, 40களில அமெரிக்காவில பில்கோ, ஜெனித், ஆர்.சி.ஏ. மாதிரிக் கம்பெனிகள் செய்த பெட்டிகள்ல நாங்க பாக்கிற அந்தக் கடும் பிரவுன் நிறம் கனக்க இடத்தில மரத்தின்ர நிறமே இல்லை. முகப்புக்கு வால்நட் வெனீரை, அதாவது மெல்லிசாச் சீவின மரத்தகட்டை ஒட்டிப்போட்டு, அடிச்சட்டம், மோல்டிங், ஓரங்களுக்கெல்லாம் பொப்ளர், கம் எண்டு மலிவு மரங்களைப் போட்டு, அந்த வெளிறின மரத்தை வால்நட்டோட சேர்த்துக் காட்டுறதுக்காக கலர் கலந்த நைட்ரோசெலுலோஸ் லெக்கர் எண்ட கெதியாக் காயிற மரப்பூச்சை ஸ்ப்ரே கன்னால அடிச்சிருக்கிறாங்கள். அதுதான் டோனிங் லெக்கர், சுருக்கமா டோனர். ஸ்டெய்ன் எண்ட மரச்சாயம் மரத்துக்குள்ள இறங்கும், டோனர் மரத்துக்கு மேல இருக்கிற லெக்கர்ப் படைக்குள்ளயே நிக்கும். சுரண்டினா நிறமும் சேர்ந்து போயிடும், பிறகு அடியில வெள்ளை மரம், நடுவில பிரவுன் வெனீர் எண்டு ரெண்டு வேற வேற பெட்டியை ஒட்டினமாதிரி வந்து நிக்கும்.

அதால ஒண்டிலயும் கை வைக்க முதல் போட்டோ எடுங்கோ. பகல் வெளிச்சத்தில, நாலு பக்கமும், கிட்டவா. எந்த மோல்டிங் கடும் நிறம், எந்த இடத்தில நிறம் மெல்ல மெல்லக் குறைஞ்சு வெனீரோட கலக்குது எண்டு பாருங்கோ. நொப்பைக் கழட்டினா அதுக்குக் கீழ, டயலைச் சுத்தியிருக்கிற பித்தளைச் சட்டத்துக்குக் கீழ, வெயிலும் கையும் படாத பழைய நிறம் ஒரு துண்டு அப்பிடியே இருக்கும். நீங்க கலக்கப்போற டோனருக்கு அளவுகோல் அந்தத் துண்டுதான், அதை அழிச்சுப்போடாதேங்கோ. எங்கட கொழும்பு வீடுகள்ல கூடுதலா இருக்கிறது பிலிப்ஸ், மேர்பி, புஷ் மாதிரி ஐரோப்பியச் செட்டுகள்தான், 1949இல ரேடியோ சிலோன் எண்டு பேர் வந்த காலத்திலயும் அதுக்குப் பிறகும் ஹோலில நடுவில வச்சிருந்த பெட்டிகள். அதுகளுக்கும் இதே கவனம் வேணும், வெனீர் எல்லாத்திலயும் மெல்லிசுதான், ஒரு மில்லிமீட்டர் கூட வராது. ஓடாவியார் ஒராள் மெஷின் சாண்டரைக் கொண்டுவந்தா ஒரு மூலையில வெனீர் பிஞ்சு கீழ இருக்கிற பிளைவுட் தெரிய ஒரு நிமிசம் போதும், அதுக்கு மருந்தே இல்லை.

பழைய பூச்சு என்ன எண்டு பாக்காம அதுக்கு மேல லெக்கர் அடிக்கிறதும் அடிக்கடி நடக்கிற பிழை. பெட்டியின்ர அடியில, ஒருத்தரும் பாக்காத இடத்தில, பஞ்சுக்குச்சியில ஸ்பிரிட் தொட்டு வையுங்கோ. பிசுபிசுத்தா அது அரக்குப் பொலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாம லெக்கர் தின்னருக்குக் கரைஞ்சா லெக்கர். ரெண்டுக்கும் கரையாட்டி வார்னிஷோ, 50களின்ர கடைசியில ஐரோப்பாவில வந்த தடிச்ச பொலியெஸ்டரோவா இருக்கலாம், இல்லாட்டி பிறகு ஆரோ வீட்டில பூசின எனமலா இருக்கலாம். எண்ணெய் வார்னிஷ், எனமல் மேல லெக்கரை அடிச்சா தின்னர் அதை நனைச்சு சுருங்க வச்சிடும், தோல் மாதிரிச் சுருண்டு வரும். லெக்கர்தான், அழுக்கு மட்டும்தான் எண்டா கழட்டவே தேவையில்லாமலும் இருக்கலாம், மினரல் டேர்பன்டைனால ஆறுதலாத் துடைச்சுப் பாருங்கோ, கீழ நல்ல வடிவான பழைய நிறமே கிடக்கலாம். சில அமெரிக்கப் பெட்டிகள்ல வேற ஒரு பொறியும் இருக்கு, மரரேகையே அச்சடிச்சதா இருக்கும், பழைய பூச்சைக் கழட்டுற ஸ்ட்ரிப்பர் போட்டா ரேகையெல்லாம் துணியோட வந்திடும். ரேகை வழமைக்கு மிஞ்சி ஒழுங்கா, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா சந்தேகப்படுங்கோ.

உள்ளுக்க இருக்கிற சாமானைக் கழட்டாம வேலை தொடங்கிறது இன்னொண்டு. சேசி (வால்வுகள் பூட்டின உலோகத் தட்டு), ஸ்பீக்கர், துணி, டயல் கண்ணாடி எல்லாம் வெளியில வரவேணும். டயல் கண்ணாடியில ஹில்வர்சம், லக்சம்பர்க் எண்டு ஊர்ப்பேர்கள் இருக்கே, அந்த எழுத்துகள் கண்ணாடியின்ர பின்பக்கம் அச்சடிச்ச மெல்லிய மை, தின்னர் பட்டாப் போச்சு, சில கண்ணாடியில ஈரத்துணி பட்டாலும் போகும். முன்பக்கத்தை மட்டும் துடையுங்கோ, பின்பக்கத்தை உலர்ந்த தூரிகையால தூசு தட்டிறதோட விடுங்கோ. பெட்டிக்குள்ள வால்வுக்கு மேல சாம்பல் நிற அட்டை ஒட்டியிருந்தா சுரண்ட வேண்டாம், அது அஸ்பெஸ்டாஸா இருக்கலாம். கழட்டின செட்டை "வேலை செய்யுதோ" எண்டு பிளக்கில குத்திப் பாக்காதேங்கோ, பழைய கப்பாசிட்டர்கள் செத்துப்போயிருக்கும், அதோட சில செட்டுகள்ல சேசியே நேரா மெயின்ஸோட சேர்ந்திருக்கும், 230 வோல்ட் எண்டது விளையாட்டில்லை.

இனி டோனருக்கு வாறன். வெறும் மரத்தில டோனரை அடிக்காதேங்கோ. மரம் ஒரு இடத்தில கூட, ஒரு இடத்தில குறைய உறிஞ்சும், பொப்ளர் எண்டா திட்டுத் திட்டா வரும், பிழைச்சா திருப்பியெடுக்கவும் ஏலாது. முதல் மரம் உறிஞ்சாம அடைக்கிற சீலர் அடிச்சு, காய்ஞ்சாப் பிறகு 320ஆம் நம்பர் பேப்பரால கையால மெல்லத் தடவி, தூசு துடைச்சு, அதுக்கு மேலதான் டோனர். வால்நட், மகோகனி எண்டா சீலருக்கு முதல் மரத்தின்ர சின்னத் துவாரங்களை அடைக்கிற கிரெய்ன் ஃபில்லரும் வேணும், அதை ரேகைக்குக் குறுக்கா அமத்தித் துடைச்சு, நல்லாக் காய விடவேணும். அரைகுறையாக் காய்ஞ்ச ஃபில்லருக்கு மேல லெக்கர் போட்டா பிறகு துவாரங்கள் சாம்பல் பூத்துத் தெரியும்.

மற்றது அவசரம். ஒரே தரத்தில நிறத்தைக் கொண்டுவரப் பாக்கிறது. கலவை மெல்லிசா, பிளேன்டீயில தண்ணி கூடினமாதிரி இருக்கவேணும், அதை அடுக்கடுக்கா அடிச்சுத்தான் கடும் நிறத்துக்குப் போகவேணும். டோனர் ஒவ்வொரு கோட்டுக்கும் கறுத்துக்கொண்டே போகும், இளசை எப்பவும் கறுப்பிக்கலாம், கறுத்ததை இளசாக்க தின்னரால கழுவுறதைத் தவிர வேற வழியில்லை. ஸ்ப்ரே கன்னை 20, 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிச்சு, பெட்டிக்கு வெளியிலயே அழுத்தத் தொடங்கி வெளியிலயே விடுங்கோ, ஓரத்தில நிப்பாட்டினா அந்த இடத்தில கறுப்புப் பட்டை விழும். முதல் அதே மரத் துண்டில அடிச்சு, அதுக்கு மேல நிறமில்லாத கிளியர் லெக்கரும் அடிச்சுப் பாத்துத்தான் நிறத்தை முடிவெடுக்கவேணும், கிளியர் ஏறினவுடன நிறம் ஆழமாகும். டோனரைத் தூரிகையால பூசவே கூடாது, கீழ இருக்கிற படையைக் கரைச்சு இழுத்து வரி வரியாப் போகும்.

டோனர் ஸ்ப்ரே கேனை வெளிநாட்டில இருந்து எயார் மெயிலில எடுக்கேலாது, எரியிற கேஸ் எண்டு ஏத்தமாட்டினம். இஞ்ச எண்டா கிளியர் நைட்ரோசெலுலோஸ் லெக்கரில கரையக்கூடிய டையை, அதாவது சாயத்தைக் கலந்து நாங்களே செய்யலாம். தண்ணியில கரையிற டை, எண்ணெய் ஸ்டெய்ன் சேராது. பழைய சோனகத் தெருவில ஹாட்வேர் கடைகள்ல கேக்கேக்க "மரத்துக்கு" எண்டு மட்டும் சொல்லாம, நைட்ரோசெலுலோஸ் லெக்கரில கலக்கக் கேக்கிறன் எண்டு சொல்லுங்கோ. கார் கராஜில குடுத்து ரெண்டு பக்கட் கலந்து அடிக்கிற 2கே கிளியர் போடச் சொல்லி சிலர் சொல்லுவினம். நான் வேண்டாம் எண்டுதான் சொல்லுவன். பிளாஸ்டிக் மாதிரி மினுங்கும், ஒரு கீறல் விழுந்தா அந்த இடத்தை மட்டும் கரைச்சுச் சரிக்கட்ட ஏலாது, அதில இருக்கிற ஐசோசயனேட் எண்ட இரசாயனம் சுவாசப்பைக்கும் கெடுதி.

கொழும்பு எண்டபடியா ஈரத்தைப் பற்றிக் கூடச் சொல்லத்தான் வேணும். இஞ்ச காத்தில ஈரப்பதன் அநேகமா 80 சதவீதத்தைச் சுத்தித்தான் நிக்கும், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி கடற்கரைப் பக்கம் இன்னும் ஈரம். தின்னர் கெதியாப் பறக்கேக்க அந்த இடம் குளிரும், குளிர்ந்த படையில காத்தில இருக்கிற தண்ணி படியும், லெக்கர் அதை உள்ளுக்க வச்சே இறுகும், பெட்டி பால் பூத்தமாதிரி வெள்ளையடிச்சிடும். ஒக்டோபர், நவம்பர் பின்னேர இடிமழைக்கு முதல் அடிச்சா இது வராமல் விடாது. ஜனவரி, பெப்ரவரியில வெயில் ஏறினாப் பிறகு, காலமை பத்துக்கும் பின்னேரம் மூண்டுக்கும் இடையில அடியுங்கோ, கோட்டை மெல்லிசா வையுங்கோ, கொம்ப்ரசர் டாங்கில சேர்ந்த தண்ணியை முதல் திறந்து விடுங்கோ. தேவையெண்டா மெதுவாப் பறக்கிற ரிடார்டர் தின்னரைக் கொஞ்சமாச் சேர்க்கலாம், கூடினா லெக்கர் நாள்க்கணக்கில இறுகாது. வெள்ளையடிச்சாலும் பயப்படாதேங்கோ, அடுத்த உலர்ந்த நாளில ரிடார்டரை மட்டும் புகைமாதிரி அடிச்சா பெரும்பாலும் தெளியும்.

அனெக்ஸுக்குள்ள, குசினிக்குப் பக்கத்தில அடிக்க வேண்டாம். சாமி விளக்கோ கேஸ் குக்கரோ எரியிற வீட்டில லெக்கர் ஆவி தீப்பிடிக்கும். துணி மாஸ்க் இதுக்குக் காணாது, ஆவிக்கெண்டு கார்ட்ரிஜ் போட்ட மாஸ்க் வேணும்.

கடைசிக் கிளியர் கோட்டுகளுக்கிடையில தேய்க்கேக்க கவனம். டோனர் கோட்டை நேராத் தேய்க்கவே கூடாது, அதுக்கு மேல ரெண்டு மூண்டு கிளியர் ஏறினாப் பிறகுதான், அதிலயும் மூலையைத் தொடாதேங்கோ, மூலையிலதான் படை மெல்லிசு, ஒரு இழுப்பில டோனர் அறுந்து வெள்ளைப் புள்ளி எட்டிப் பாக்கும்.

அரை மணித்தியாலத்தில கையில ஒட்டாது எண்டதுக்காக வேலை முடிஞ்சுதெண்டில்லை, லெக்கர் கிழமைக்கணக்கா உள்ளுக்க சுருங்கிக்கொண்டிருக்கும். பொலிஷ் போட்டு மினுக்கிறதுக்கு மூண்டு நாலு கிழமையாவது விடுங்கோ, இல்லாட்டி அடைச்ச துவாரமெல்லாம் திரும்பக் குழி விழுந்து தெரியும். முடிஞ்சாப் பிறகும் அதுக்கு மேல பிளாஸ்டிக் லேஸ் விரிப்பு, றப்பர்க் கால் வச்ச போட்டோ ஃபிரேம் எண்டு ஒண்டும் வைக்காதேங்கோ, பிவிசியில இருக்கிற எண்ணெய் நைட்ரோசெலுலோஸை இளக்கி ஒட்டிப்பிடிச்சிடும், எடுக்கேக்க டோனரும் சேர்ந்து உரிஞ்சு வரும். விரிக்கத்தான் வேணுமெண்டா கொட்டன் துணி விரியுங்கோ.