இருட்டில் எண்ணத் தெரிந்தால் போதும்: டார்ச்சால் வரையும் படங்கள்

செஞ்சிப் பக்கம் பாறைகளுக்குப் பஞ்சமே கிடையாது. எங்கள் ஊர் ஏரிக்கரைக்குப் பின்னாலும் ஒன்று நிற்கிறது. இரண்டு ஆள் உயரக் கல், அதன் தலைமேல் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல இன்னொரு கல். பகலில் அதைப் பலமுறை படம் எடுத்தேன். ஒரு படத்திலும் அந்தக் கல்லின் கனம் வரவில்லை. ஓர் அமாவாசை இரவில் கேமராவின் ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டு, டார்ச்சுடன் கல்லைச் சுற்றி நடந்து பார்த்தேன். திரையில் வந்த படத்தைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கல்லின் ஒவ்வொரு வெடிப்பும் பொருக்கும் எழுந்து நின்றது. கல்யாணப் படம் எடுப்பது என் தொழில். ஆனால் அன்று முதல் என் இரவுகள் இந்த வேலைக்கே போகின்றன.

ஷட்டர் திறந்திருக்கும்வரை கேமரா தன்மேல் விழும் வெளிச்சத்தை எல்லாம் சேர்த்துக்கொண்டே இருக்கும். வெளிச்சம் பட்ட இடம் பதியும். படாத இடம் கறுப்பாகவே இருக்கும். கறுப்புச் சட்டை போட்டு நடந்துகொண்டே இருக்கும் ஆள் படத்தில் விழவே மாட்டார். இதை நம்புவதற்குத்தான் எனக்கு நாளானது. முதல் வாரம் முழுவதும் கேமராவுக்குக் குறுக்கே போகப் பயந்து, வரப்பைச் சுற்றிச் சுற்றி வந்தேன். தேவையே இல்லை. டார்ச் அணைந்திருந்தால் நீங்கள் தாராளமாகக் குறுக்கே நடக்கலாம், நிற்காமல் நடந்தால் போதும்.

தேவையான பொருள்கள் குறைவு. நாம் மூடும்வரை ஷட்டரைத் திறந்தே வைக்கும் ‘பல்ப்’ முறை உள்ள கேமரா, ஆடாத முக்காலி, ரிமோட், ஒரு டார்ச். டார்ச் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒருமுறை அழுத்தினால் பிரகாசம், மறுமுறை மங்கல், மூன்றாம் முறை மின்னல் என்று மாறும் வகை வேண்டாம். எரியவும் அணையவும் மட்டுமே தெரிந்த டார்ச்தான் வேண்டும். மலிவான எல்.இ.டி. டார்ச்சுகள் பலவும் மங்கலாக எரியும்போது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரியும். அதைக் காற்றில் வீசினால் கோடு புள்ளி புள்ளியாக உடைந்து விழும். கடையிலேயே கையை வேகமாக வீசிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

டார்ச்சின் முகத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு அட்டையைக் குழலாகச் சுற்றி ஒட்டிவிடுங்கள். பக்கவாட்டில் நின்று அடிக்கும்போது பல்பு கேமராவின் கண்ணில் படாமல் இந்தக் குழல் மறைக்கும். குழல் இல்லாமல் நான் எடுத்த படங்களில் கல்லின் ஓரமெல்லாம் வெள்ளைப் புழு ஊர்ந்ததுபோலக் கோடுகள் விழுந்தன. நிறம் வேண்டுமானால் பொட்டலம் கட்டும் கலர் கண்ணாடித்தாளே போதும். அளவாகப் பயன்படுத்துங்கள். பாறைக்கு மூன்று நிறம் அடித்தால் அது பொருட்காட்சி வாசல்போல ஆகிவிடும். எல்.இ.டி. வெளிச்சமே சற்று நீலம் கலந்தது. அதன்மேல் மஞ்சள் தாள் ஒரு சுற்றுப் போட்டால் நம் ஊர்க் கல்லின் செம்மை கிடைக்கும்.

இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இடத்துக்குப் போய்விடுங்கள். எங்கே நிற்கப்போகிறீர்கள், எங்கே கால் வைக்கப்போகிறீர்கள் என்பதை வெளிச்சத்திலேயே நடந்து பார்க்க வேண்டும். முள், குழி, பாம்புப் புற்று எல்லாம் அப்போதே கண்ணில் பட்டுவிடும். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். முழங்கால்வரை மூடும் பூட்ஸ் இல்லாமல் நான் இறங்குவதில்லை. இன்னொன்று: ஊரில் சொல்லிவிட்டுப் போங்கள். நள்ளிரவில் பாறையடியில் டார்ச் அலைந்தால் புதையல் தோண்டுகிறார்கள் என்றுதான் எந்த ஊரும் நினைக்கும். ஒருமுறை பக்கத்து ஊரிலிருந்து பதினைந்து பேர் தடியோடு வந்து நின்றார்கள். கேமராத் திரையைக் காட்டிய பிறகு அவர்களில் பெரியவர் ஒருவர், “எங்கள் கல்லா இது?” என்று கேட்டுவிட்டு மறுபடியும் காட்டச் சொன்னார். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு அவருக்குக் கொடுத்தேன்.

நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எனக்குப் பிடித்தவை வளர்பிறைச் சதுர்த்தியும் பஞ்சமியும். முன்னிரவில் மெல்லிய நிலா இருக்கும், கால் வைக்க வழி தெரியும். ஒன்பது, பத்து மணிக்கு நிலா இறங்கிவிட்டால் முழு இருட்டு நமக்கே. பௌர்ணமியில் ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 8 வைத்து நான்கு நிமிடம் திறந்திருந்தாலே நிலவொளியில் நிலமெல்லாம் தெரியத் தொடங்கிவிடும். அதற்குமேல் டார்ச்சுக்கு வேலை குறைவு.

ஃபோகஸை இருட்டில் கேமராவின் பொறுப்பில் விடாதீர்கள். டார்ச்சைக் கல்லின்மேல் அடித்து, கேமராவை அதன்மீது ஃபோகஸ் செய்ய வைத்து, உடனே மேனுவலுக்கு, அதாவது கையால் ஃபோகஸ் செய்யும் முறைக்கு, மாற்றிவிடுங்கள். பிறகு லென்ஸின் வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். நடுக்கத்தைத் தடுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். முக்காலியில் அது உதவுவதைவிடக் கெடுப்பது அதிகம். ரா கோப்பாக, அதாவது கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் கோப்பாக, எடுங்கள். தொடக்கத்துக்கு ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, பல்ப்.

எத்தனை நிமிடம் திறந்து வைப்பது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, நேரத்தை நிறைய மிச்சப்படுத்தும். ஐ.எஸ்.ஓ.வை 6400க்கு ஏற்றி, டார்ச் இல்லாமல் 4 விநாடி எடுத்துப் பாருங்கள். வானம் எப்படி இருக்கிறது? பிடித்திருந்தால் 6400ஐ 100ஆல் வகுங்கள், 64 வரும். 4 விநாடியை 64ஆல் பெருக்கினால் 256 விநாடி, அதாவது நான்கேகால் நிமிடம். ஐ.எஸ்.ஓ. 100இல் அத்தனை நேரம் திறந்திருந்தால் அதே வானம் சுத்தமாகக் கிடைக்கும். அந்த நான்கேகால் நிமிடத்துக்குள் உங்கள் டார்ச் வேலை முடிய வேண்டும். நட்சத்திரங்கள் அதற்குள் சிறு கோடுகளாக நீளும். எனக்கு அது அழகாகவே தெரிகிறது.

இனி எண்ணுவதற்கு வருகிறேன். இந்தக் கலையில் உண்மையாகக் கற்க வேண்டியது இது ஒன்றுதான். கேமரா அருகில் நின்று நேராகக் கல்மேல் டார்ச் அடிக்காதீர்கள். நிழலெல்லாம் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், கல் அட்டைபோலத் தட்டையாகும். கல்லின் இடப்பக்கம் போய், ஏறக்குறைய சுவரை உரசுவதுபோல வெளிச்சத்தை ஓட்டுங்கள். வெள்ளை அடிப்பவர் மட்டையை ஓட்டுவாரே, அப்படி, நிற்காமல், மேலும் கீழும். நான் நான்கு அடி தூரத்தில் நின்று இடப்பக்கத்துக்கு இருபது எண்ணுவேன். அதன்பின் டார்ச்சை அணைத்துவிட்டு வலப்பக்கம் போய் ஏழு எண்ணுவேன். இரண்டு பக்கமும் சமமாக அடித்தால் உருட்சி போய்விடும். ஒரு பக்கம் தூக்கலாக இருந்தால்தான் கல்லுக்கு உடம்பு வரும். கடைசியாகக் கல்லுக்குப் பின்னால் மறைந்து, தரையை நோக்கி ஐந்து எண்ணினால் கல்லின் விளிம்பு இருட்டிலிருந்து பிரிந்து நிற்கும்.

உங்கள் எண்ணிக்கை வேறாக இருக்கும், டார்ச் வேறு அல்லவா. ஆனால் விகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகும். நான்கு அடியில் ஐந்து எண்ணியது போதுமென்றால், எட்டு அடியில் இருபது எண்ண வேண்டும். மேலே உட்கார்ந்திருக்கும் கல் எப்போதும் கறுத்துப் போவதற்குக் காரணம் இதுதான். கீழேயிருந்து அடிக்கும்போது அது தொலைவில் இருக்கிறது, அதற்குத் தனியாக எண்ணிக் கொடுக்க வேண்டும். நான் ஒரு சிறு நோட்டில் ஒவ்வொரு படத்துக்கும் எழுதுவேன்: இடம் 20, வலம் 7, பின் 5, தலை 25. அடுத்த முறை அதில் ஒன்றை மட்டும் மாற்றுவேன். இரண்டை மாற்றினால் எது படத்தைக் கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

ஏரிக்கரையில் வண்டி வரும். விளக்கு வெளிச்சம் திரும்பிப் பார்ப்பதற்குள் படத்தைக் கழுவிவிடும். அதனால் கேமராப் பக்கம் ஒருவரை நிறுத்துங்கள். என் சித்தப்பா மகன் கறுப்புத் துணி கட்டிய தொப்பியோடு நிற்பான். “வண்டி வருகிறது, மூடு தம்பி” என்றால் லென்ஸுக்கு முன்னால் தொப்பியைப் பிடித்துவிடுவான். ஷட்டர் திறந்தே இருக்கும், எதுவும் பதியாது. வண்டி போனதும் எடுத்துவிடுவான், நான் விட்ட எண்ணிலிருந்து தொடர்வேன். லென்ஸைத் தொடாமல் பிடிக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. டார்ச்சில் கலர் தாள் மாற்றும்போதும் இதே தொப்பிதான்.

டார்ச்சைக் கேமராவை நோக்கித் திருப்பிக் காற்றில் எழுதுவது வேறு வகை. குழந்தைகளுக்கு இதுதான் உயிர். கேமராவைப் பார்த்து நின்று வழக்கம்போல எழுதினால் எழுத்து இடம் வலம் மாறித்தான் விழும். பின்னணியில் ஊர்ப்பெயர்ப் பலகை ஏதும் இல்லையென்றால் கணினியில் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். நம் எழுத்துகளின் வளைவு இதற்கென்றே பிறந்ததுபோல இருக்கிறது; ‘ழ’வை இருட்டில் எழுதிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். புள்ளி வைக்கத்தான் பயிற்சி வேண்டும். ‘அம்மா’ என்று எழுத, ஒவ்வோர் எழுத்துக்கும் இடையில் விளக்கை அணைத்து, கையை நகர்த்தி, ‘ம்’மின் தலைக்கு மேல் ஒரு கண்சிமிட்டும் நேரம் மட்டும் எரிய விட வேண்டும். கை எங்கே நின்றது என்பதை இடக்கையின் விரலால் குறித்துக்கொள்ளுங்கள்.

எழுதுகிறவரும் படத்தில் தெரிய வேண்டுமானால் ஷட்டர் திறந்திருக்கும்போதே ஒருமுறை ஃபிளாஷ் அடியுங்கள். 1949ஆம் ஆண்டில் பிரான்சின் வல்லோரிஸ் ஊரில் புகைப்படக்காரர் ஜோன் மிலி செய்தது இதைத்தான். இருட்டறையில் பிக்காசோவின் கையில் ஒரு சிறு மின்விளக்கு. அவர் காற்றில் வரைந்த உருவம் கோடாக விழுந்தது; ஒரு ஃபிளாஷ் அவரையும் அந்தக் கோட்டுக்குப் பின்னால் நிறுத்தியது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் முறை மாறவில்லை. எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பதும் அதே முறைதான்.

போனில் எடுப்பவர்கள் அளவுகளை நாமே மாற்ற விடும் புரோ முறையில் ஐ.எஸ்.ஓ.வைக் குறைத்து, ஷட்டரை 20, 30 விநாடி வைத்தால் காற்றில் எழுதும் படங்கள் நன்றாகவே வரும். பாறைக்கு அது போதாது.

கார்த்திகையை நான் ஆண்டு முழுக்க எதிர்பார்த்திருப்பேன். இணையத்தில் பலர் இரும்புக் கம்பளியை (நூல்போல மெல்லிய இரும்பிழைச் சுருள்) கொளுத்திச் சுற்றுகிறார்கள். உருகிய இரும்புப் பொறி லென்ஸின் கண்ணாடியிலேயே குழி போட்டுவிடும், ஆளுக்கும் ஆபத்து. நமக்கு மாவலி இருக்கிறது. காய்ந்த பனம்பூவைக் குழியில் எரித்து, சாம்பலாகிவிடாமல் மண்ணால் மூடி, கரியாக்கி இடிப்பார் அப்பா. அந்தத் தூளைப் பருத்தித் துணியில் இறுக்கிச் சுருட்டிக் கட்டி, பிளந்த பனைமட்டைத் துண்டுகளுக்கு நடுவில் வைத்து, நுனியில் கயிறு பூட்டுவார். நெருப்பு வைத்துச் சுற்றத் தொடங்கினால் பொன்னிறப் பொறி வட்டமாகக் கொட்டும்.

கரிப்பொறி இரும்புப் பொறியைவிட மென்மையான வெளிச்சம். அதனால் எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 400, 15 விநாடி என்று தொடங்குங்கள். சுற்றுபவர் கேமராவுக்கு முகம் காட்டி, கயிறு தரைக்கு நேர்க்குத்தாகச் சுழலும்படி ஓரிடத்தில் நிற்க வேண்டும். முதல் சில சுற்றில் பொறி சீராகாது, சீரான பிறகு ஷட்டரைத் திறங்கள். கேமரா காற்று வரும் பக்கத்தில், குறைந்தது முப்பது அடி தள்ளி இருக்கட்டும். பருத்தித் துணியே உடுத்துங்கள், தலையில் ஈரத்துண்டு கட்டுங்கள். வைக்கோல் போர், காய்ந்த கோரை அருகில் வேண்டவே வேண்டாம். அடைமழைக்குப் பின் ஈரமாக இருக்கும் ஏரிக்கரை மண்தான் சரியான இடம். நீரின்மேல் அந்த வட்டம் இரண்டாவது முறையும் விழும்.

அப்பா மாவலி சுற்றும் படத்தை அவருடைய அறுபத்தெட்டு வயதில் எடுத்தேன். அவர் சுற்றி முடித்ததும் கயிறு கையில் அப்படியே இருக்க, மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரே ஒரு முறை சிறு ஃபிளாஷ். பொன் வட்டத்துக்கு நடுவில் வேட்டியை மடித்துக் கட்டி நிற்கிறார்.

படம் கிடைத்ததும் மூட்டை கட்டிவிடாதீர்கள். ஈரச்சாக்கால் தரையில் கிடக்கும் கங்குகளைத் தட்டிவிட்டு, எல்லா விளக்குகளையும் அணைத்து, பத்து நிமிடம் இருட்டில் நின்று பாருங்கள். எங்கும் சிவப்பாக எதுவும் மினுங்கவில்லையென்றால் புறப்படலாம்.