பிளட் தின்னர் போட்டும் மறுபடி க்ளாட் வருதா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிருக்கீங்களான்னு பாருங்க

பிளட் தின்னர் மாத்திரை போட்டும் கால்ல மறுபடி க்ளாட், அதாவது ரத்தக்கட்டி, வந்துருச்சுன்னு யாராவது சொன்னா நான் முதல்ல கேக்குறது, அத எப்படிப் போட்டீங்கன்னுதான். பேருதான் ரத்தத்தை மெல்லிசாக்குற மாத்திரை, உண்மையில அது ரத்தத்தைத் தண்ணியாவும் ஆக்காது, இருக்குற கட்டியக் கரைக்கவும் செய்யாது, மேல வளராமயும் புதுசா வராமயும் தடுக்கும் அவ்ளோதான், கரைக்குறது உடம்பு தானா மெதுவா பாத்துக்குற வேலை. வீக்கம் வத்திருச்சே, இனி எதுக்கு மாத்திரைன்னு நீங்களா நிறுத்துறது அதனாலதான் ஆபத்து.

உதாரணத்துக்கு ரிவராக்ஸபான்ங்குற பிளட் தின்னரப் பாருங்க. 15, 20 மில்லிகிராம் மாத்திரைய சாப்பாட்டோடதான் போடணும், வெறும் வயித்துல போட்டா உடம்புல சேர்றது நல்லாவே கொறஞ்சிரும். எங்க பெரியப்பா காலைல தைராய்டு மாத்திரையோட சேத்து இதையும் வெறும் வயித்துல முழுங்கிட்டு இருந்தாரு, மாசக்கணக்கா! யாரும் சொல்லல, அவரும் கேக்கல. டபிகட்ரான்னு இன்னொரு பிளட் தின்னர் இருக்கு, அந்த கேப்சூலுக்கு ஈரம் ஆகாது, ஸ்ட்ரிப்ல இருந்து பிரிச்சு வாரத்துக்கு டப்பால போட்டு வைக்காதீங்க.

வார்ஃபரின், அசிட்ரோம்னு பழைய வகை பிளட் தின்னர் போடுற ஆளுங்களுக்கு ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்ளோ நேரம் ஆகுதுன்னு காட்டுற டெஸ்ட் அளவு, இறங்கினா ரத்தம் சீக்கிரம் உறையுதுன்னு அர்த்தம்) பெரும்பாலும் 2-லருந்து 3-க்குள்ள நிக்கணும். கீரையே தொடக்கூடாதுன்னு பயமுறுத்துறாங்க, அது தப்பு, அளவு மாறாம சாப்பிடணும், ரெண்டு வாரம் கீரைப் பக்கமே போகாம இருந்துட்டு திடீர்னு தினமும் முருங்கைக்கீரைன்னா ஐஎன்ஆர் இறங்கிரும். பல்லு புடுங்கணும்னு நீங்களா நாலு நாள் நிறுத்துறதும் வேணாம், எழுதிக் கொடுத்த டாக்டரக் கேளுங்க. டிபி-க்குக் குடுக்குற ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் குடுக்குற ஃபெனிடோயின், கார்பமாசிபின் இதெல்லாம் வார்ஃபரின் மாதிரி பழைய மாத்திரை, ரிவராக்ஸபான் மாதிரி புது மாத்திரை ரெண்டோட வேலையவும் கெடுக்கும், அதனால எந்த டாக்டர்கிட்ட போனாலும் மொத்த லிஸ்டையும் நீட்டிருங்க.

எல்லாம் ஒழுங்கா போட்டும் வருதுன்னா அது வேற கதை, மாத்திரைய மட்டும் மாத்தி மாத்தி பாத்துட்டு இருக்கக்கூடாது. உள்ள கேன்சர் ஒளிஞ்சிருக்கலாம். ஆன்டிபாஸ்போலிபிட் நோய் (உடம்போட எதிர்ப்பு சக்தியே தப்பா வேலை செஞ்சு ரத்தத்தை உறைய வைக்குறது) இருக்கலாம், அதுக்குப் பாக்குற ரத்த டெஸ்ட் மூணுமே பாசிட்டிவ்னா ரிவராக்ஸபான் சரிப்படாது, 2018-ல வெளியான இத்தாலி ஆய்வுல அத எடுத்தவங்களுக்குத்தான் வார்ஃபரின் ஆளுங்கள விட க்ளாட் அதிகமா வந்து ஆய்வையே பாதில நிறுத்துனாங்க. இடது கால்லயே திரும்பத் திரும்ப வந்தா அடிவயித்துல ரத்தக்குழாய் ஒண்ணு மேல ஒண்ணு அழுத்துதான்னு ஸ்கேன் பாக்கணும்.

இன்னொன்னு, டாப்ளர்ல (ரத்தக்குழாயப் பாக்குற ஸ்கேன்) தெரியுற எல்லாமே புது க்ளாட் இல்ல. பழைய கட்டியோட தழும்பு வருஷக்கணக்கா குழாய்லயே கிடக்கும், ஒப்பிட்டுப் பாக்க பழைய ரிப்போர்ட் இல்லன்னா மாத்திரை வேலை செய்யலன்னு முடிவு பண்ணிருவாங்க. வீடு ஒதுங்க வைக்கும்போது அந்த ஃபைலத் தூக்கிப் போட்றாதீங்க.